மேசைக்கு வராத சாவி

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த கார் சர்வீஸ் சென்டரில் ஒரு பிழைக்கு ஒரு மனிதரின் பெயரை வைத்திருந்தார்கள். வண்டிக்குப் புதுச் சாவி பதியும்போது, இன்னொரு சாவி எங்கே என்று கேட்காமல் விட்டுவிட்டால் அதற்குப் பெயர் ‘தாணு கேஸ்.’ வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தாணு யார், கறுப்பா சிவப்பா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் தொழில் படித்தேன்.

இப்போது போனையே சாவியாக வைத்துக்கொள்ளும் வண்டிகள் வந்துவிட்டன. எங்கள் எலக்ட்ரிக்கல் பிரிவை இன்று பார்த்துக்கொள்ளும் பெனிட்டா, “சார், பழைய சாவிக் கதையெல்லாம் எழுதித் தாங்க. புதுசா வாற பிள்ளேளுக்குப் படிக்கக் குடுக்கலாம்” என்று நச்சரித்தாள். எழுத உட்கார்ந்தால் மற்றக் கதை ஒன்றும் வரவில்லை. இந்த ஒன்றுதான் வந்து முன்னால் நிற்கிறது.

இதில் வரும் குடும்பத்தின் பெயர்களை, பேரோடு சொல்லலாம் என்று அவர்களே சொல்லியும், மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். தாணுமாலயன் சாரின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் இதை எழுதுவதில் பிரயோஜனமே இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் லாரன்ஸ், ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். கொஞ்ச காலம் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்தேன். உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துப் போவதைத் திரும்பத் திரும்பச் சுரண்டி அலுத்து, கரைக்கு ஏறி கார் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர்தான் தாணு சார்.

நெட்டையான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன டெஸ்டர் இருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்தால் எதிரே நிற்பவர் போதும் என்று சொல்லும்வரை விளக்குவார். அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்று உண்டு. நாங்கள் யாராவது ஒரு ஸ்குரூவை மாட்டாமல் விட்டு, “மறந்துட்டேன் சார்” என்று சொல்லிவிட்டால் போச்சு.

“மறந்துட்டேன்னு சொல்லுகதுக்கு நீ என்ன கல்யாண வீட்டுக்கா வந்த? மொய் எழுத மறந்தியா? வேலைக்கு வந்தவனுக்கு மறக்கப்பிடாது மக்கா.”

மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று வேறு சத்தமாகச் சொல்வார். நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

சாவிக்கு வருவோம். நான் சொல்லும் சாவி இரும்பில் பல் வெட்டிய பழைய சாவி அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் பட்டன் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் சாவி. பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில், சாவிதான் வண்டிக்கு உத்தரவு போடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் பேசுவது வண்டி. கதவின் கைப்பிடியைத் தொட்டதும், கதவிலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கும் ஆன்டெனாக்கள் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்கும். கையெட்டும் தூரத்துக்கு மேல் அந்தக் குரல் போகாது. பையில் தூங்கிக்கொண்டிருக்கும் சாவி அதைக் கேட்டு விழித்து, ரேடியோவில் பதில் அனுப்பும். கேள்வி ஒவ்வொரு தடவையும் வேறு. சாவி தன்னிடம் உள்ள இரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் எஞ்சின் ஓடும். ஒருவன் பக்கத்தில் நின்று அந்தப் பதிலை ஒட்டுக்கேட்டு வைத்துக்கொண்டாலும் பயனில்லை, அடுத்த தடவை கேள்வி மாறியிருக்கும்.

தூரத்திலிருந்து பட்டனை அமுக்கிக் கதவைத் திறப்பது வேறு கணக்கு. ஒவ்வொரு அமுக்குக்கும் சாவிக்குள் ஓர் எண் கூடும். கடைசியாகக் கேட்ட எண்ணை வண்டி ஞாபகம் வைத்திருக்கும். அதற்கு அடுத்து வரும் எண்களுக்குத் திறக்கும், பழைய எண்ணுக்குத் திறக்காது. வண்டி இல்லாத இடத்தில் இருந்துகொண்டு சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தால் சாவியின் எண் வெகுதூரம் முன்னே ஓடிவிடும். பிறகு வண்டியின் முன்னால் வந்து அமுக்கினால், முதல் அமுக்குக்கு வண்டி சந்தேகப்பட்டுச் சும்மா கிடக்கும். உடனே இன்னொரு தடவை அமுக்கினால் இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து, ஆள் நம்ம ஆள்தான் என்று ஏற்றுக்கொள்ளும்.

புதுச் சாவி பதிவதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வண்டிகளில், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரைப் பொருத்திப் பதிய ஆரம்பித்தால், அது முதலில் பழைய சாவிகள் எல்லாவற்றையும் வண்டியின் நினைவிலிருந்து துடைத்துவிடும். பிறகு நாம் ஒவ்வொன்றாகக் காட்டும் சாவிகளை மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளும். அன்றைக்குக் காட்டாத சாவி, வண்டியோடு பிறந்த சாவியாக இருந்தாலும், அந்த நிமிடம் முதல் வண்டிக்கு அந்நியம். தொலைந்த சாவியை எடுத்தவன் வண்டியைக் கொண்டுபோகாமல் இருக்க வைத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு எங்கள் மாவட்டத்தைப் பற்றித் தெரியாது. வண்டி வாங்கும்போது இரண்டு சாவி தருவார்கள். ஒன்று வீட்டில் இருக்கும். இன்னொன்று வளைகுடாவுக்குப் போய்விடும். கத்தாரிலும் மஸ்கட்டிலும் உழைத்து, லீவில் வந்து கார் வாங்கியவர்கள், திரும்பிப் போகும்போது ஒரு சாவியைக் கையோடு கொண்டு போவார்கள். அங்கே அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊரில் தனக்கு ஒரு வண்டி நிற்கிறது என்பதற்கு அது ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான். இந்த மாவட்டத்துக் கார்களின் இரண்டாவது சாவிகளில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்தன என்றே சொல்லலாம்.

அதனால் தாணு சார் ஒரு முறை வைத்திருந்தார். ரிசப்ஷனை ஒட்டியிருந்த அவருடைய மேசையில் பச்சைத் துணி விரித்திருக்கும். சாவி பதிய யார் வந்தாலும் முதல் கேள்வி, “மத்தச் சாவி எங்க?” எல்லாச் சாவியும் அந்தப் பச்சைத் துணிமேல் வந்தபிறகுதான் ஸ்கேனரை எடுப்பார். ஒரு சாவி வெளிநாட்டில் இருந்தால், லீவில் வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்பார். புளியும் கருவாடும் போகிற வழியில் சாவி வரக்கூடாதா என்று சிரிப்பார். காத்திருக்க முடியாது என்று சொல்பவர்களிடம் விஷயத்தை விளக்கிவிட்டு, ஸ்கேனரின் கடைசிப் பட்டனை அமுக்கும் முன் இரண்டாவது தடவையும் கேட்பார். அப்புறம்தான் அமுக்குவார். நான் அங்கே இருந்த காலத்தில் அந்த இரண்டாவது கேள்வியை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஒரு மார்கழியில், சுசீந்திரம் தேரோட்டம் முடிந்த மறுநாள் கலா என்ற பெண் வந்தார். வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தேர்க் கூட்டத்தில் கைப்பையோடு சாவி போய்விட்டது. வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சௌகரியத்துக்காக மனைவி பெயரில் வாங்குவது இங்கே வழக்கம். கணவர் சிவகுமாருக்கு மஸ்கட்டில் வேலை.

தாணு சார் ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார்.

“மத்தச் சாவி எங்கம்மா?”

“அவருக்க கையில. மஸ்கட்டுல.”

“யாராவது லீவுல வாறாவளான்னு கேட்டு, குடுத்துவிடச் சொல்லுங்க. பத்து நாளு பொறுத்தா ரெண்டையும் சேத்துப் பதிஞ்சிரலாம். இப்பப் பதிஞ்சா அவருக்க சாவிய வண்டி மறந்துரும். பின்ன அவரு வந்து அமுக்கினா ஒண்ணும் நடக்காது. கேட்டேளா?”

“கேட்டேன் சார். நீங்க பதிங்க.”

நான் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எல்லாம் தயாரானதும் தாணு சார் மறுபடியும் திரும்பினார்.

“கடைசியாக் கேக்கேன்மா. அவருக்க சாவி பிரயோஜனம் இல்லாமப் போவும். செரிதானா?”

அந்தப் பெண் பச்சைத் துணியின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். பிறகு, “அதுதான் சார் எனக்கு வேணும்” என்றார்.

நாங்கள் கேட்காமலே சொன்னார். போன லீவில் சிவகுமார் குடித்துவிட்டு, மகளையும் ஏற்றிக்கொண்டு போய், தேரூர் குளத்துக்கரைக் கல்லில் வண்டியை மோதினார். பிள்ளைக்குத் தோளெலும்பு ஒடிந்தது. ஒரு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. அவர் திரும்பிப் போனபிறகு கலா டிரைவிங் படித்தார். மாமியாரை ஆஸ்பத்திரிக்கும் மகளைப் பள்ளிக்கும் இப்போது அவர்தான் கொண்டு போகிறார்.

“வண்டிய எடுக்காதீயன்னு நான் சொன்னா கேக்க மாட்டாரு சார். அவருக்க அண்ணன் பக்கத்து வீட்டுல இருக்கேரு, அவரும் விடமாட்டேரு. வண்டியே கேக்கலைன்னா என்ன செய்வாரு? எனக்க சாவிய எங்கிட்ட கேட்டு வாங்க அவருக்க ரோஷம் விடாது. சாவியில ஏதோ கோளாறுன்னு லீவு கழிஞ்சிரும்.”

தாணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினார். புதுச் சாவி பதிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. கலா அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

சிவகுமார் அந்தக் கோடையில் சொல்லாமல் வந்து இறங்கினார். சொல்லாமல் வருவதுதான் அவர் வழக்கம். வாசலுக்கு வெளியே டாக்சியை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியிலிருந்து சாவியை இரண்டு தடவை அமுக்குவார். முற்றத்தில் நிற்கும் வண்டி விளக்கை மின்னிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டு, அப்பா வந்தாச்சு என்று பிள்ளை ஓடி வரும். முதல் அமுக்குக்கு வண்டி கேட்காது, இரண்டாவதற்குத்தான் கேட்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். மஸ்கட்டில் ரூமில் படுத்துக்கொண்டு சும்மா அமுக்கிக்கொண்டே இருப்பாராம். சாவியின் எண் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு அவரே எனக்குச் சொன்னது.

இந்தத் தடவை இரண்டு தடவை அமுக்கினார். நாலு தடவை அமுக்கினார். பாட்டரி போய்விட்டது என்று நினைத்து, தெருமுனைக் கடையில் போய்ப் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். பாட்டரி இல்லாவிட்டால் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் வேலை செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கள் தாணு சார்தான் வண்டி வாங்கிய அன்று சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படிப் பிடித்தார். எஞ்சின் ஓடவில்லை. கதவைத் திறந்த அந்நியனைக் கண்டு வண்டி அலறத் தொடங்கியது. தான் உழைத்து வாங்கின வண்டி, தன்னையே கள்ளன் என்று தெருவைக் கூட்டியது. அண்ணன் வந்தார், அக்கம்பக்கம் வந்தது. உள்ளேயிருந்து கலா ஓடி வந்து தன் சாவியை அமுக்கினார். வண்டி உடனே வாயை மூடியது.

அத்தனை பேர் முன்னால் அது நடந்ததுதான் கேடு. கலாவின் சாவிக்குக் கேட்கிற வண்டி சிவகுமாரின் சாவிக்குக் கேட்கவில்லை என்பதைத் தெருவே பார்த்துவிட்டது. வண்டியிலிருந்து உன்னை வெட்டிவிட்டாள், வீட்டிலிருந்து எப்போது வெட்டுவாளோ என்று அண்ணன் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் எல்லாரும் எங்கள் ரிசப்ஷனில் நின்றார்கள். சிவகுமார், அண்ணன், கலா, கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை. நான் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கலா பின்னால் வந்தார்.

“அண்ணே, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். சர்வீஸ்காரங்க சொல்லாம அழிச்சிட்டாவன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சு செஞ்சேன்னு வந்தா இன்னைக்கே என்னை எங்க அம்மை வீட்டுல கொண்டு விட்டுருவாவ. பிள்ளைய அவருக்க அண்ணன் தரமாட்டேரு.”

நான் தாணு சாரிடம் ஓடினேன். அவர் அதற்குள் தன் மேசைக்கு வந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டே காதில் சொன்னேன். கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

சிவகுமார் சாவியைப் பச்சைத் துணிமேல் வைத்தார். “இத அழிச்சது யாரு?”

“நான்தான்” என்றார் தாணு சார்.

“அழிப்பேன்னு எனக்க வீட்டுக்காரிட்ட சொல்லிட்டா செய்தீரு? அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு அது மட்டும் அறிஞ்சாப் போதும்.”

தாணு சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். அந்தப் பிள்ளை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சொல்லல்ல,” என்றார். “இன்னொரு சாவி உண்டான்னு நான் கேக்கணும். கேக்க மறந்துட்டேன். எனக்க பெசகு.”

மறந்துட்டேன் என்ற அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் என்னையறியாமல், “சார்” என்றேன். “லாரன்ஸே, நீ போயி வேலையப் பாரு” என்றார். நான் போகவில்லை.

சிவகுமார் கலாவைப் பார்த்தார். கலா தரையைப் பார்த்தார்.

“செரி. இப்பத் திரும்பப் பதிஞ்சு தாரும்” என்றார் சிவகுமார்.

கலாவும் தன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்கேனர் பக்கத்தில் இருந்தது, வண்டி வாசலில் நின்றது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. தாணு சார் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“அழிச்ச சாவிய மறுபடி பதிய முடியாது. அது போனது போனதுதான். புதுசுக்குக் கம்பெனிக்கு எழுதணும். வர ரெண்டு மூணு மாசம் ஆவும். நீங்க அடுத்த லீவுக்கு வரும்போ பாப்போம்.”

இது முழுப் பொய். அழித்த சாவியை அதே வண்டிக்குத் தாராளமாகத் திரும்பப் பதியலாம். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு அது தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். முதல் பொய்யில் கலாவின் வீட்டைக் காப்பாற்றினார், இரண்டாவது பொய்யில் அந்தப் பிள்ளையின் தோளை. இரண்டையும், வழக்கமாக வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

கலா சொன்னபடியே அவருடைய சாவியைச் சிவகுமார் கேட்கவில்லை; ஆனால் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அன்றைக்கே கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் புகார் மேலே போய்விட்டது. மேலேயிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். வாடிக்கையாளரைக் கேட்காமல் சாவியை அழித்தது பெரிய தப்பு, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் கம்பெனி பெயர் கெடும் என்றார்கள். தாணு சார் அவர்களிடமும், “மறந்துட்டேன்” என்றே சொன்னார்.

நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “முதலாளிட்ட மட்டுமாவது உள்ளதச் சொல்லலாம்லா சார்?”

“முதலாளிக்க டிரைவருக்கு எந்த ஊரு?”

“சுசீந்திரம்.” கலாவின் வீடும் அங்கேதான்.

“பின்ன?” என்றார். “இங்க சொன்னா சாயங்காலம் தேர்மூட்டுல நிக்கும் பேச்சு. அந்தப் பிள்ளைக்க அம்மைய வீட்டைவிட்டு எறக்கணுமா? நீ ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. எனக்கு வாக்குத் தா.”

தந்தேன். அவரை ஃபோர்மேன் வேலையிலிருந்து எடுத்து, வாரன்டியில் கழற்றிய பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஃபோர்மேன் நாற்காலியை எனக்குத் தந்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். “நீ இருக்கல்லன்னா வேற எவனாவது வந்து இருப்பான். அவன் ரெண்டாவது தடவ கேக்க மாட்டான். இரு” என்று அவரே என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். பிறகு எத்தனையோ வருஷம் அந்த நாற்காலியில் இருந்தும், ஒருநாள்கூட எனக்கு அது பொருந்தவில்லை.

அதைவிட எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. இனிமேல் இப்படித் தப்பு நடக்கக்கூடாது என்று கம்பெனி ஒரு போர்டு செய்து, மேசைக்கு மேலே சுவரில் மாட்டச் சொன்னது. சிவப்பு எழுத்தில் ‘மற்ற சாவி எங்கே?’ என்று எழுதியிருந்தது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வியை, அவர் கேட்க மறந்த கேள்வி என்று சொல்லி அவர் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். ஓய்வு பெறும்வரை தினமும் அந்தப் போர்டுக்குக் கீழே நடந்துதான் அவர் சாமான் அறைக்குப் போனார். ஒருநாள் போர்டு சாய்ந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, அதை நேராக்கி வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

கலா வண்டியை சர்வீசுக்குக் கொண்டுவரும்போதெல்லாம் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவருவார். சாமான் அறை வாசலில் வைப்பார். “வண்டி கொள்ளாமா, நல்லா ஓடுகா?” என்று தாணு சார் கேட்பார். “கொள்ளாம் சார்” என்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. பழத்தை எங்கள் எல்லாருக்கும் பங்கு வைப்பார். ‘தாணு கேஸ்’ என்று சொல்லிச் சிரித்தவர்களும் அதைத் தின்றார்கள்.

அவர் ஓய்வு பெற்றுப் போனபிறகு நான் நாலைந்து தடவை வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆபீஸ் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவார். பிறகு நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆபீசிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு போனோம். கூட வந்த ஒரு பையன் வேனில் இருந்துகொண்டு, “இவருதானா அந்த தாணு கேஸ் தாணு?” என்று கேட்டான். கொடுத்த வாக்கை நினைத்து, மடியிலிருந்த மாலையை நேராக்கி வைத்தேன்.

சிவகுமார் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த செய்தி, நான் ஓய்வு பெறப்போகும் சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் அவரே வந்தார். கலாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். சிவகுமார் இடது பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. பையிலிருந்து அந்தப் பழைய சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பதியணுமா?” என்றேன்.

“வேண்டாம். தாணு சாரப் பாக்கணும். எங்க இருக்காரு?”

சொன்னேன். சார் போனதைக் கேட்டதும் சாவியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த லீவு முடிந்து போகும்போது, கோபத்தில் அந்தச் செத்த சாவியையும் கொண்டு போயிருக்கிறார். மஸ்கட்டில் அவர் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி சாவிக்கடை வைத்திருந்தான். அவனிடம் காட்டியபோது, சாவிக்கு ஒரு கோளாறும் இல்லை, வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு சாவியோடு சேர்த்துப் பதிந்தால் உடனே வேலை செய்யும் என்று சொல்லிவிட்டான்.

“மொதல்ல, புதுச் சாவி விக்கதுக்குத்தான் அந்த ஆளு என்னை ஏமாத்தினாருன்னு நெனச்சேன்,” என்றார் சிவகுமார். “பின்ன யோசிச்சுப் பாத்தா, புதுச் சாவிக்கு அவரு எங்கிட்ட பைசா வாங்கல்ல. பேப்பருல ஒப்பு, கையெழுத்துன்னு ஒண்ணும் வாங்கல்ல. அப்போ என்னத்துக்குப் பொய் சொன்னாரு? ரூமுல படுத்துக் கெடந்து யோசிச்சேன். வண்டி வாங்கின அன்னைக்கு ரெண்டு சாவியையும் மேசையில வைக்கச் சொல்லி, அம்புட்டு விளக்கம் சொன்ன மனுசன். அவரா கேக்க மறப்பாரு? எனக்க பிள்ள அன்னைக்கு அங்க நின்னா. அவளுக்க தோளுதான் ஞாபகம் வந்தது. எல்லாம் புரிஞ்சு போச்சு.”

“கலாட்ட கேட்டீங்களா?”

“கேக்கல்ல. எந்த மொகத்த வச்சிட்டுக் கேக்க? குடிய விட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பொறவு வண்டியத் தொடல்ல. அவதான் ஓட்டுவா. நான் பக்கத்துல இருப்பேன். புகார வாபஸ் வாங்கலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேன். வாங்கினா ஏன்னு கேப்பாவ. கேட்டா எல்லாம் வெளிய வரும். இன்னைக்கு நாளைக்குன்னு போயிட்டு. இப்ப ஊருக்கு வந்தாச்சு, நேருல பாத்து ஒரு வார்த்த சொல்லலாம்னு வந்தேன்.”

கலா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் இருந்தது. அவருக்கும் தாணு சார் போனது தெரியாது. மாமியாரை வைத்துக்கொண்டு ரொம்பக் காலம் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்திருக்கிறார்.

“இனி எல்லார்ட்டயும் சொல்லுங்க அண்ணே,” என்றார் கலா. “எனக்க பேரையும் சேத்தே சொல்லுங்க.”

பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பச்சைத் துணிமேல் வைத்துவிட்டுப் போனார்.

என் கடைசி நாளன்று பெனிட்டா புதுப் பிள்ளைகள் நாலு பேரை அந்த மேசையைச் சுற்றி நிறுத்தி, சாவி பதிவதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல வேலைக்காரி. கையை நீட்டிச் சுவரில் இருந்த போர்டைக் காட்டினாள். “இந்தக் கேள்வியக் கேக்காம விட்டீங்கன்னா தாணு கேஸ்தான், பாத்துக்கிடுங்க” என்றாள். பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

“தாணு சார் மறக்கல்ல,” என்றேன். சிரிப்பு நின்றது. “அவரு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. நான் பக்கத்துல நின்னேன்.”

பிறகு இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். பெனிட்டா அழுதுவிட்டாள். இனி அந்தப் பேச்சே இங்கே இருக்காது சார் என்று சொன்னாள். சொன்னபடி செய்வாள், எனக்குத் தெரியும். ஆனால் என் கண் அவர்கள் யார் மேலும் இல்லை. சாமான் அறையின் கதவு திறந்தே கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் இந்த மேசை தெரியும், இங்கே பேசுவது நன்றாகக் கேட்கும். அவர் அங்கே இருந்த வருஷமெல்லாம், இங்கே சிரித்தது அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் சொன்ன இந்த நாலு வரி மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.